மூன்றாவது தாள்

ஒரகடத்திலிருந்து வல்லம் போகிற வழியில், ஏரிக்கரையை வளைத்து மதில் எழுப்பி உயிரணுப் பரப்பு ஆராய்ச்சி நிலையம் வந்தபோது, ஊர்க்காரர்களுக்கு ஒன்றுதான் சொல்லப்பட்டது. உலகத்தில் இதுவரை யாரும் பார்க்காத ஒன்றை இங்கே பார்க்கப்போகிறார்கள். மதில் கட்டி முடித்தபோது ஏரியின் மதகு மதிலுக்கு உள்ளே போயிருந்தது. ஊர்க்காரர்கள் அதைப் பார்த்தார்கள். அவர்களும் அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"கேட்டால் திறந்துவிடுவார்கள். கேட்பது என்ன பெரிய வேலையா?" என்றார் நிலம் எடுக்க வந்த அதிகாரி.

மதகுக்குக் கீழே சம்பா நட்டுவந்த எல்லப்பனும் அது பெரிய வேலை இல்லை என்றுதான் நினைத்தான். அதுவும் போக, ஊருக்கு மதகு திறந்து மூடிக்கொண்டிருந்த மண்ணாங்கட்டிக்கு நிலையத்திலேயே வேலை கொடுத்திருந்தார்கள். மண்ணாங்கட்டி வேறு யாருமல்ல, எல்லப்பனின் தங்கை ஜெயத்தின் புருஷன். மதகும் உள்ளே, மச்சானும் உள்ளே. இதற்குமேல் ஒரு விவசாயிக்கு என்ன பாதுகாப்பு வேண்டும்?

நிலையத்தின் டைரக்டர் டாக்டர் சபாபதி வெளிநாட்டில் படித்தவர். அவருடைய கருவிகளும் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டியிருந்தது. வந்தன. மதராஸ் துறைமுகம் வரைக்கும் வந்தன. சுங்கத்துறை அவற்றை ஆயுதமா, பாத்திரமா என்று தீர்மானிக்க முடியாமல் வைத்துக்கொண்டது. குளிர்பதன அறை கட்டியாயிற்று, கரண்ட் வரவில்லை. விஞ்ஞானிகள் காலையில் பஸ்ஸில் வந்து, வராந்தாவில் வெயில் நகர நகர நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு, சாயங்காலம் பஸ்ஸில் போனார்கள். இப்படியே ஒரு வருஷம் ஓடியபின் டைரக்டருக்கு அந்த யோசனை உதித்தது. கருவி வரும்வரை நிர்வாகத்தையே கருவியாக்கிவிட்டால் என்ன?

இதை விளக்க அவர் ஒரு கூட்டம் போட்டார். ஊர்க்காரர்களுக்கும் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள்.

"நம் உடம்பில் ஒவ்வொரு உயிரணுவைச் சுற்றியும் ஒரு சுவர்" என்று ஆரம்பித்தார். "கொழுப்பாலான சுவர். பயந்தால் நெஞ்சு படபடக்கிறதே, அந்தப் படபடப்பை உண்டாக்கும் ஹார்மோன் இதயத்தின் உயிரணுவுக்குள் நுழைவதே இல்லை. வாசலில் வந்து நிற்கும், அவ்வளவுதான். சுவரை ஏழு தடவை துளைத்துக்கொண்டு உள்ளும் புறமுமாக நெளிந்து கிடக்கிற ஒரு புரதம் இருக்கிறது. அதற்கு ஏற்பி என்று பெயர். அது ஹார்மோனை வெளிப்பக்கத்தில் பிடித்துக்கொள்ளும். வெளியே பிடித்தால் உள்ளே அதன் வடிவம் மாறும். உள்ளே காத்திருக்கிற ஜி-புரதம் அந்த மாற்றத்தில் வந்து பொருந்தி, தூக்கம் கலைந்து, வேலையைத் தொடங்கும். வந்தவர் கடைசிவரை வெளியேதான். வேலை நடப்பது உள்ளே. இவர் முகத்தை அவர் பார்ப்பதில்லை. ஒரு நிர்வாகத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இன்றுமுதல் நம் நிலையம் ஓர் உயிரணு. நீங்கள் எல்லோரும் ஹார்மோன்கள்."

ஊர்க்காரர்கள் கை தட்டினார்கள். எல்லப்பன் பக்கத்திலிருந்தவரிடம், "இன்னா சொல்றாரு?" என்றான்.

"உள்ள வுட மாட்டாராம்."

"அதுக்கா இம்மா நேரம் பேசினாரு?"

உள்பக்கம் எது எப்படி அசைகிறது என்பதை உலகத்தில் ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. டைரக்டரே அதைச் சொன்னார். ஆனால் தான் அதை மனக்கண்ணால் கண்டுவிட்டதாகவும் டெண்டர் விட்டாயிற்று என்றும் சேர்த்துச் சொன்னார்.

டெண்டர்படி மதில் சுவரில் ஒரு ஜன்னல் வந்தது. அதில் ஏழு இரும்புக் குழாய்கள் சுவருக்குள் போவதும் வெளியே வருவதுமாக வளைந்து கிடந்தன. குழாய்களுக்கு நடுவில் மரகதம் என்கிற பெண்ணை உட்கார வைத்தார்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். மரகதத்தின் முகம் சாலைப் பக்கம், கால்கள் ஆபீஸ் பக்கம். காலடியில் தையல் மிஷின் பெடல். வெளியே மனு சரியாகப் பொருந்தினால் அவள் பெடலை மிதிக்க வேண்டும். ஆறாவது குழாய் உள்பக்கம் ஒரு சாண் விலகும். திரும்பிப் பார்த்து, "சார், மதகைத் திறக்கச் சொல்றாங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை முடிந்துவிடும். அது மட்டும் கூடாது என்று எழுதி அவள் தலைக்குமேல் மாட்டியிருந்தார்கள்.

உள்ளே ஒரு பெஞ்சில் மூன்று பேர். ஆல்ஃபா, பீட்டா, காமா என்று சட்டையில் தைத்திருந்தார்கள். ஆல்ஃபாதான் மண்ணாங்கட்டி. பீட்டா கோதண்டத்தையும் காமா ரகுபதியையும் இடுப்பில் ஒரே கயிற்றால் கட்டியிருந்தார்கள். இயற்கையில் அவர்கள் பிரிவதில்லையாம். ஒருவனுக்கு வயிறு சரியில்லை என்றால் இருவரும் போக வேண்டும்.

சும்மா இருக்கும்போது ஆல்ஃபாவின் கையில் இரண்டு தாள் கொண்ட பழைய சீட்டு ஒன்று இருக்கும். அது கையில் இருக்கும்வரை அவன் எழுந்திருக்கக் கூடாது. குழாய் விலகினால் அந்த இடுக்கில் கையை நுழைக்க வேண்டும். நுழைத்தால் விரல் விரிந்து பழைய சீட்டு விழுந்துவிடும். பக்கத்துக் கூடையில் மூன்று தாள் சீட்டுகள் நிறைய கிடக்கும். அதில் ஒன்றை எடுத்தால் அவன் விழித்துக்கொண்டதாக அர்த்தம். பீட்டாவையும் காமாவையும் பெஞ்சிலேயே விட்டுப் பிரிந்து நேரே மதகுக்குப் போவான். அங்கே தசரதன் என்பவர் ஷட்டர் சாவியோடு இருப்பார். மூன்று தாளோடு ஆல்ஃபா அவர் தோளைத் தொட்டுக்கொண்டிருக்கும்வரை அவர் ஷட்டரைத் திறந்து வைத்திருப்பார். கொஞ்ச நேரத்தில் ஆல்ஃபா தானாகவே மூன்றாவது தாளைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும். மறுபடி இரண்டு தாள், மறுபடி பெஞ்சு, மறுபடி தூக்கம். ஷட்டர் மூடிக்கொள்ளும்.

"யாரும் சொல்லாமலேயே கிழிப்பியா?" என்று கேட்டான் எல்லப்பன்.

"அதான் மச்சான் எனக்குத் திறமை. ட்ரெய்னிங் குட்த்துகிறாங்க."

மார்கழி பிறந்ததும் மழை நின்றது. கதிர் பால் பிடிக்கிற சமயம். இரண்டு நனைப்பு தண்ணீர் கிடைத்தால் தையில் அறுத்துவிடலாம். கிடைக்காவிட்டால் வைக்கோல்தான். வருஷம் முழுக்க எல்லப்பன் வீட்டுச் சோறு அந்த நிலத்தில் நின்றுகொண்டிருந்தது.

ஜன்னலுக்குப் போனான். ஜன்னல் முன்னால் ஒரே ஒரு ஸ்டூல். அதில் ஒரு இன்சூரன்ஸ் ஏஜெண்டு உட்கார்ந்து வேர்வை துடைத்துக்கொண்டிருந்தார். அவர் எதுவும் கேட்க வரவில்லை. அங்கே நிழல் நன்றாக இருந்தது.

"அவரை எழுந்திருக்கச் சொல்லும்மா."

"சொல்லக்கூடாதுண்ணே" என்றாள் மரகதம். "ஸ்டூல்ல பொருந்திட்டாரு. வேலையும் நடக்காது, வேற ஆளும் உக்கார முடியாது. உடம்புலயும் இப்படி உண்டாம். டைரக்டர் சார் ரொம்ப சந்தோஷப்பட்டாரு."

ஏஜெண்டு ஒரு தூக்கம் போட்டுவிட்டு எழுந்துபோனார். எல்லப்பன் உட்கார்ந்தான்.

"அம்மாடி, பயிரு காயுது. கொஞ்சம் தண்ணி—"

"பொருந்தலண்ணே."

"தண்ணி வுடச் சொல்லு தாயி."

"தாயின்னு வந்தாலே பொருந்தாது. 'மதகு திறத்தல் வேண்டி' அப்படின்னு சொல்லுங்க. முன்னால பின்னால எதுவும் வேணாம்."

"மதகு திறத்தல் வேண்டி" என்றான் எல்லப்பன். ஏதோ திருட்டு வேலை செய்கிற மாதிரி இருந்தது.

பெடல் சத்தம் கேட்டது. உள்ளே எதுவோ கிறீச்சிட்டது. எல்லப்பன் வயலுக்கு ஓடினான். அவன் போய்ச் சேரும்போது வாய்க்கால் தலைப்பில் தண்ணீர் எட்டிப் பார்த்தது. பார்த்துவிட்டு நின்றுவிட்டது. ஒரு தவளை மட்டும் நனைந்தது.

மண்ணாங்கட்டி மூன்றாவது தாளைக் கிழித்துவிட்டிருந்தான்.

மறுநாளும் போனான். அதற்கு மறுநாளும். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் வாய்க்கால் தலைப்புவரை வந்து அவனை விசாரித்துவிட்டுப் போனது. கதிர் நுனி வெளுக்க ஆரம்பித்தது.

சாயங்காலம் மச்சான் வீட்டுக்கே போய்விட்டான்.

"ஏன்டா, வூட்டாண்ட வந்து சொல்றேன், காலைல போயி தெறந்து வுடேன். நீதானே எத்தினி வருசமா தெறந்துகினு இருந்தே?"

"வூட்ல சொன்னா அது சிக்னல் இல்ல மச்சான். ஜன்னல்ல சொல்லணும்."

"ஜன்னல்ல சொன்னா பாதில கிழிச்சிப் போட்றியே."

"கிழிக்கலைன்னா தசரதன் மேல எழுதி அனுப்பிடுவாரு. வேல கான்பர்மேசன் வர்ற நேரம்."

ஜெயம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "கிழிக்கறாப்ல இழுத்து, அது கிழியலைன்னா?" என்றாள். "உன் தப்பு இல்லியே அது. தாளு அப்பிடி."

புருஷனும் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அரை நாளு நின்னா போதும்" என்றான் எல்லப்பன். "ஒரு நனைப்பு. நீ இழுத்துகினே இரு. அப்புறமா வந்துடும்."

ஜெயம் புளியங்கொட்டையை வறுத்து, ஊறவைத்து, அரைத்துக் காய்ச்சினாள். அந்தப் பக்கத்து நெசவாளிகள் பாவுக்கும், சினிமாக் கொட்டகைக்காரர்கள் போஸ்டருக்கும் போடுகிற பசை. எப்போது காயும் என்று அவளுக்குத் தெரியும். காய்ந்தால் எப்போது விடும் என்று அவளை இதுவரை யாரும் கேட்டதில்லை. மண்ணாங்கட்டி கொண்டுவந்திருந்த மூன்று தாள் சீட்டு ஒன்றில் பட்டையாகத் தடவி, அம்மிக்கல்லுக்கு அடியில் வைத்தாள்.

காலையில் எல்லப்பன் ஜன்னலுக்குப் போனான். மரகதம் அவனைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"இதான் கடைசின்னு வச்சிக்குங்கண்ணே. ஒரே ஆளு விடாம வந்துகினு இருந்தா ஏற்பிக்கு மரத்துப் போகணுமாம். மதியம் குழாய அடைக்க ஆள் வருது."

"மதகு திறத்தல் வேண்டி."

பெடல். கிறீச். அன்றைக்குத் தண்ணீர் வாய்க்கால் தலைப்பில் நிற்கவில்லை. முதல் பாத்தியில் இறங்கியது. வெடித்துக்கிடந்த மண் உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. எல்லப்பன் வரப்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவன் பெண்சாதி செங்கமலம் கூழ் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தார்கள். இரண்டாவது பாத்தி, மூன்றாவது பாத்தி. கடைசி வரப்பைத் தண்ணீர் தொட்டபோது எல்லப்பன் எழுந்து நிலையத்தின் பக்கம் பார்த்து, போதும் என்று கையை ஆட்டினான்.

தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

கதிர்க் கழுத்துவரை ஏறியபோது அவன் ஜன்னலுக்கு ஓடினான். மரகதத்துக்கும் பெஞ்சுக்கும் நடுவில், குழாய் விலகுகிற இடுக்கை முதுகால் அடைத்தபடி ஒரு தடித்த ஆள் உட்கார்ந்திருந்தான். தடுப்பாம். மரகதம் பெடலை மிதித்துக் காட்டினாள். எதுவும் அசையவில்லை.

"மூடச் சொல்லு தாயி. போதும்."

"இந்த ஜன்னல்ல திறக்கறது மட்டும்தாண்ணே. மூடறதுக்கு ஜன்னலே வைக்கல. தானா மூடிக்கும்னு சொன்னாங்க." அவள் சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஆல்ஃபா எப்பவோ போயிட்டாரு. இங்க இன்னா பண்ணாலும் அவருக்குத் தெரியாது."

எல்லப்பன் கரையைச் சுற்றிப் போய், முள்வேலிக்கு இந்தப் பக்கம் நின்றான். அந்தப் பக்கம் மதகுமேல் தசரதன் ஷட்டர் கைப்பிடியைப் பிடித்தபடி இருந்தார். மண்ணாங்கட்டி அவர் தோளில் ஒரு கையை வைத்து, இன்னொரு கையிலிருந்த சீட்டைப் பல்லால் இழுத்துக்கொண்டிருந்தான். அது தோல் மாதிரி ஆகியிருந்தது.

"தசரதன் அண்ணே, மூடுங்க. பயிரு முழுவுது."

"மூணு தாளு ஆளோட கை தோள்மேல இருக்கு" என்றார் தசரதன். அவர் கெட்டவர் இல்லை. "ரெண்டானா மூடுவேன். எனக்கு எண்ணத்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க."

"மச்சான், தூக்கி எறிஞ்சுட்டு வாடா."

மண்ணாங்கட்டி வாயிலிருந்து சீட்டை எடுத்தான். உதட்டில் பசை ஒட்டியிருந்தது. "எறிஞ்சா வேல பூடும் மச்சான். மூணு தாளோட பெஞ்சுக்குத் திரும்பக்கூடாது, கீழ போடக்கூடாது. எறியட்டுமா? நீ சொல்லு, எறியறேன். உன் தங்கச்சிக்கு நீ சோறு போடுவியா?"

எல்லப்பன் வாயைத் திறந்தான். போடுவேன் என்று சொல்வதற்கு அவனிடம் இருந்த நெல் அந்தத் தண்ணீருக்கு அடியில் இருந்தது. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மண்ணாங்கட்டி மறுபடி சீட்டைப் பல்லில் வைத்துக்கொண்டான்.

விஷயம் தெரிந்து டைரக்டர் விரைந்து வந்தார். விஞ்ஞானிகள் நாற்காலியோடு பின்னால் வந்தார்கள். டைரக்டர் சீட்டைக் குனிந்து பார்த்தார். மண்ணாங்கட்டியைச் சுற்றி வந்தார். அவர் கண் கலங்கியது.

"யாரும் தொடாதீர்கள்" என்றார். "இது என்ன தெரிகிறதா? காலரா."

தசரதன் பதறிக் கையை எடுக்கப் போனார்.

"பிடியுங்கள் ஐயா. நோய் இல்லை, வழிமுறை. காலராவின் விஷம் குடலில் என்ன செய்கிறது? ஆல்ஃபாவை மூன்றாவது தாளைக் கிழிக்க முடியாமல் பண்ணிவிடுகிறது. அணைக்கவே முடியாத விளக்கு. உள்ளிருந்து நீர் கொட்டு கொட்டென்று கொட்டுகிறது. ஆள் வற்றிப்போகிறான். உலகம் இதைச் சோதனைக் குழாயில்தான் பார்த்திருக்கிறது. ஓர் ஏரியின் அளவில், ஒரு கிருமிகூட இல்லாமல், சுங்கத்துறையின் உதவியும் இல்லாமல் முதலில் பார்ப்பது நாம். பசை யார் யோசனை?"

மண்ணாங்கட்டி புறங்கையால் உதட்டுப் பசையைத் துடைத்துக்கொண்டான்.

"பரவாயில்லை. நிலையத்தின் யோசனை என்று போட்டுக்கொள்வோம்."

"ஐயா, பயிரு" என்றான் எல்லப்பன் வேலிக்கு வெளியே இருந்து.

டைரக்டர் திரும்பினார். "நீங்கள்தான் ஹார்மோனா? உங்கள் பங்கு முடிந்துவிட்டது. நீங்கள் போகலாம்" என்றார், மரியாதையாக.

ஏரி வற்றும்வரை ஷட்டர் திறந்தே இருந்தது. மண்ணாங்கட்டிக்குப் பீட்டாவும் காமாவும் முறை போட்டு, அதாவது இருவரும் சேர்ந்தே, சோறு ஊட்டினார்கள். தண்ணீர் எல்லப்பன் நிலத்தைத் தாண்டி, அடுத்தவர் நிலத்தைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி யாருக்கும் பயன்படாத பள்ளத்தில் போய் நின்றது. சாய்ந்த கதிர்கள் தண்ணீருக்குள்ளேயே முளைவிட்டன. ஏரிச் சேற்றில் கெளுத்தி துடித்தது. ஒரு நாள் மட்டும் ஊரில் எல்லா வீட்டிலும் மீன் குழம்பு. அதற்குப் பிறகு ஊர்க் கிணறுகளின் ஊற்றும் இறங்கிவிட்டது. ஏரியை நம்பித்தான் கிணறு என்பதை ஊரார் அறிவார்கள். ஏரியைக் கொட்டிப் பார்த்த நிலையம் அதை அறிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஏரியில் தண்ணீர் தீர்ந்தபிறகு ஒரு காற்றில் மூன்றாவது தாள் தானாகவே பிய்ந்து விழுந்தது. தசரதன் எண்ணிப் பார்த்து ஷட்டரை மூடினார். மண்ணாங்கட்டி பெஞ்சுக்குத் திரும்பினான். அவனுக்கு வேலை நிரந்தரமானது. தோளில் வைத்த கை மட்டும் கீழே இறங்க மறுத்தது.

ஆராய்ச்சிக்கட்டுரை வெளிநாட்டுக்குப் போனது. ஊருக்கு நன்றி தெரிவிக்க டைரக்டர் இன்னொரு கூட்டம் போட்டார். மறுபடி ஜமுக்காளம்.

"காலராவில் மனிதன் சாவது கிருமியால் அல்ல, நீர் வற்றுவதால்" என்றார். "ஆல்ஃபாவைத் திருத்த முடியாது. ஆனால் போன நீரைத் திருப்பிக் கொடுக்க முடியும். உப்பும் சர்க்கரையும் கலந்த எளிய கரைசல். லட்சக்கணக்கான உயிரைக் காப்பாற்றியது. இந்தக் கிராமம் வற்றியிருப்பதை நிலையம் கண்கூடாக அறிகிறது. அறிவியலின் வழியிலேயே ஈடு செய்கிறோம். வீட்டுக்கு ஒரு பாக்கெட்."

பேர் கூப்பிட்டார்கள். ஒவ்வொருவராகப் போய் வாங்கிக்கொண்டார்கள். போட்டோ எடுத்தார்கள். ஜெயம் கூட்டத்துக்கு வரவில்லை. அவள் பாக்கெட்டை மண்ணாங்கட்டி இடது கையால் வாங்கிக்கொண்டான். அவனும் எல்லப்பனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

செங்கமலம் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னா எழுதியிருக்குது?"

எல்லப்பன் எழுத்துக் கூட்டிப் படித்தான். "ஒரு லிட்டர், கொதித்து ஆறிய, சுத்தமான தண்ணீரில் கலக்கவும்."

அவன் எழுந்து நின்றான். "ஐயா, இத்த கலக்க தண்ணி?"

டைரக்டர் மேடையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். நல்ல கேள்வி கேட்டால் அவர் முகம் மலரும். மலர்ந்தது.

"அருமையான கேள்வி. ஜன்னலில் கேளுங்கள்."

எல்லப்பன் ஒரு கையில் குடமும் ஒரு கையில் பாக்கெட்டுமாக மதிலோரம் நடந்தான். ஜன்னல் இருந்த இடத்தில் செங்கல் வைத்துப் பூசி வெள்ளையடித்திருந்தார்கள். ரொம்பவும் தூண்டப்பட்ட ஏற்பியை உயிரணு உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று பக்கத்தில் போர்டு இருந்தது. ஸ்டூல் மட்டும் வெளியே கிடந்தது. அதில் உட்கார்ந்தான்.

"மதகு திறத்தல் வேண்டி" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். அப்புறம் அது தப்பு என்று நினைத்துக்கொண்டு, "தண்ணி" என்றான்.

சுவருக்கு அந்தப் பக்கம், துரு ஏறக்கூடாது என்பதற்காக, மரகதம் பெடலை மிதித்துக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது.